லாம்ப்ரினி வீட்டுக் கோயில் ரொட்டி

உள்நாட்டுச் சண்டை மூண்ட இரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், எங்கள் ஊரில் பக்தி கரைபுரண்டு ஓடியது. கீழே அரசாங்கப் படை, மேலே பிந்தோஸ் மலையில் புரட்சிக்காரர்கள். இரண்டு பக்கமும் நம்மைக் காப்பாற்றத்தான் வந்திருந்தார்கள், பாவம். காப்பாற்றுகிறவர்களுக்கு வயிறு சீக்கிரம் காய்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் குடியேறிய சார்ஜண்ட், வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு ரொட்டி என்று உத்தரவு போட்டார். கூடுதலாகச் சுட்டால் அது மலையேறிவிடுமாம். பூசைக்குச் சுடும் ரொட்டியை மட்டும் விட்டுவிட்டார். சாமி காரியத்தில் கைவைக்க அவருக்குப் பயம். அவ்வளவுதான், அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஊரில் எல்லா அடுப்பும் கோயிலுக்காகவே எரிந்தன. பாதிரியாருக்குத் தேவை ஐந்து ரொட்டி. ஞாயிறு காலையில் மேசை கொள்ளாமல் குவிந்தது. மிஞ்சியதைச் சிப்பாய்கள் பை நிறைய அள்ளிப் போனார்கள். அவர்களுக்கும் பக்தி இருக்காதா, கண்ணுகளா?

பக்தைகளில் முதலிடம் லாம்ப்ரினிக்கு. கல்யாண வயது, மாப்பிள்ளைகள்தான் ஆளுக்கொரு பக்கம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சுடுவதில் பாதி கோயிலுக்குப் போகும். மீதியை மடியில் கட்டிக்கொண்டு, ஆடு மேய்க்கிற சாக்கில், அடிவாரத்து மரப்பொந்தில் வைத்துவிட்டு வருவாள். அண்ணன் கோஸ்மாஸ் பனிக்காலத்தில் மலையேறியவன். ஒரு சேதியும் இல்லை. பொந்து என்னவோ ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருந்தது. எடுத்தது அண்ணனா நரியா என்று மரம் சொல்லவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் அவள் மாவு பிசைந்தாள்.

கோயில் ரொட்டி என்றால் மேலே முத்திரை வேண்டும். வீட்டுக்கு வீடு தனி மரமுத்திரை. இவர்கள் வீட்டு முத்திரையில் சிலுவையின் ஒரு கை கீறியிருக்கும். அம்மா அகாத்தி அதைக் கோழி மேல் விட்டெறிந்ததில் வந்த கீறல். அடுப்பை எட்டிப் பார்க்கிற சார்ஜண்டுக்காக லாம்ப்ரினி எல்லா ரொட்டியிலும் அதைக் குத்தினாள், மலைக்குப் போகிறதிலும்.

செவ்வாய்க்கிழமை சார்ஜண்ட் வந்து ஒரு ரொட்டியை மேசையில் வைத்தார். முத்திரைக் கட்டையை வாங்கிப் பொருத்திப் பார்த்தார். கீறலோடு கீறல் சேர்ந்தது.

"நேத்து மலைக் குகையில கெடச்சது. எங்களப் பாத்ததும் பயலுக ஓடிட்டானுங்க, ஒருத்தனும் சிக்கல. இதுக்கு என்னம்மா சொல்றே?"

லாம்ப்ரினி கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ரொட்டிதாங்க. ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சேன். அப்புறம் யாரு பையில போச்சுன்னு உங்க பசங்களத்தான் கேக்கணும்."

"என் பசங்க கொள்ளக்காரனுக்கு ரொட்டி குடுத்தானுங்கறியா?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான மேலிடத்துக்கு எழுதப்போறீங்க."

"நீங்களும் மூணு எடுத்துட்டுப் போனீங்களே, சார்ஜண்டய்யா," என்றாள் அகாத்தி, அவரைக் கிளறிய அதே கையோடு அவரைச் சட்டியையும் கிளறிக்கொண்டு. "நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லல."

சார்ஜண்ட் யோசித்தார். யோசிக்க யோசிக்க அந்த ரொட்டி அவர் பையிலிருந்தே போன மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தார்.

"தின்னவனுக்கு மரியாதையும் தெரியல. பூச ரொட்டிய அடியில தோண்டி, உள்ள இருக்கறத மட்டும் தின்னுட்டு மேலோட்ட அப்படியே விட்டுருக்கான், எலியாட்டம்."

அப்போதுதான் லாம்ப்ரினி ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கிண்ணம் போலக் குடையப்பட்டிருந்தது. இந்த வீட்டில் அப்படித் தின்று கரண்டியால் அடிவாங்கியவன் ஒருவன்தான். அகாத்தியின் கரண்டி சட்டியில் நின்றது.

"கெட்ட வளர்ப்பு," என்றாள் அகாத்தி. "பெத்தவளச் சொல்லணும்."

பிறகு சார்ஜண்டுக்கு ஒரு தட்டு அவரைச் சூப் ஊற்றினாள். அவர் சாட்சியைப் பிய்த்துப் பிய்த்து நனைத்து, முத்திரை உட்பட, தின்று முடித்தார்.

அந்தச் சனிக்கிழமை லாம்ப்ரினி சில ரொட்டிகளை அடுப்பிலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டாள், மேலோடு தடிக்குமுன். கோயிலுக்குப் போனவை மட்டும் நன்றாகச் சிவந்திருந்தன.