சனிக்கிழமை, கிழக்கே சூலம்

அருள்நாயகிக்குச் சீன தேசத்தின் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அது கிழக்கே இருந்ததுதான் பிழை. அதுவும் பள்ளிக்கூடக்காரர் பயணத்துக்குப் போயும் போயும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்களே, அதை என்னவென்று சொல்ல! சனிக்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திசைக்கு அன்றைக்குக் காலெடுத்து வைக்கக் கூடாது. போதாததற்கு பஸ் புறப்படும் நேரம் காலை ஒன்பதரை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். பதினாலு பிள்ளைகளை ஷங்காய்க்கு அனுப்ப இதைவிட மோசமான நேரத்தைச் சாத்திரியார் ஒருவர் உட்கார்ந்து கணித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"பஸ் எங்கை போகுது?" என்று கேட்டார் அவளுடைய கணவர் குகதாசன். பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஹீத்ரோவுக்கு."

"ஹீத்ரோ எந்தப் பக்கம்?"

அருள்நாயகி கொஞ்சம் யோசித்தாள். "மேற்கு."

"அப்ப பிள்ளை மேற்கைதானே வெளிக்கிடுறாள்? அதுக்குப் பிறகு பிளேன் எங்கை திரும்புதெண்டது பைலட்டின்ரை பிரச்சினை."

இந்த மனுசனோடு கதைத்து வென்றவர்கள் விம்பிள்டனில் இல்லை.

இது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக் கதை. மகள் தவமலருக்கு அப்போது பதினைந்து வயது. இங்கிருந்து பிள்ளைகள் போய் இரண்டு கிழமை ஷங்காயில் உள்ள வீடுகளில் தங்குவது, செப்டெம்பரில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கே வந்து தங்குவது என்று இரண்டு பள்ளிக்கூடங்களும் ஏற்பாடு செய்திருந்தன. தவமலர் இரண்டு வருடமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சீனம் படித்தவள். மாடிப்படி ஏறும்போது படிகளைச் சீனத்தில் எண்ணுவாள். குளியலறையைப் பூட்டிக்கொண்டு, "வணக்கம், நான் லண்டனில் இருந்து வருகிறேன்" என்பதை நூறு தரம் சொல்லிப் பார்ப்பாள். அப்படியொரு ஆசை.

தாய் இலகுவில் விட்டுவிடுவாளா? சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றாள். இது லண்டன் பள்ளிக்கூடச் சாப்பாட்டையே தாங்கிய வயிறு என்றார் குகதாசன். காய்ச்சல் வந்தால் என்றாள். கூடவே ஒரு நேர்ஸ் போவதாகக் கடிதம் வந்தது. முன்பின் தெரியாத வீட்டில் குமர்ப்பிள்ளையை எப்படி விடுவது என்று கடைசி அம்பை எடுத்தாள். அதற்கு ஷங்காயில் இருந்தே பதில் வந்துவிட்டது. தவமலர் தங்கப்போகும் வீட்டுத் தாய் சொல்லச் சொல்ல, அந்த வீட்டு மகள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். தவமலருக்குக் குளிர் தாங்குமா? எத்தனை போர்வை வேண்டும்? புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நிறம் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்கள்.

அருள்நாயகி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். போர்வையின் நிறம் வரை யோசிக்கிறவளை என்ன குறை சொல்வது?

மனிதரிடம் வழக்குத் தோற்றால் மேல்கோர்ட்டுக்குப் போவதுதானே முறை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போகும் பிள்ளையார் கோயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்று, இந்தப் பயணத்தை எப்படியாவது நிற்பாட்டிவிடு அப்பனே, இருபத்தொரு தேங்காய் உடைக்கிறேன் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற தவமலர் ஒருமுறை திரும்பித் தாயைப் பார்த்துவிட்டு, திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டாள்.

பிள்ளையார் அவசரப்படவில்லை. விசா வந்தது, டிக்கெட் வந்தது, சூட்கேஸும் நிரம்பிவிட்டது. போகத்தான் போகிறாள் என்றானபோது அருள்நாயகி சூலத்துக்குப் பரிகாரம் தேடி, மூன்று வீடு தள்ளி இருந்த கனகவல்லியிடம் ஓடினாள். கனகவல்லி மெட்ராஸ்காரி. கணவர் ஜம்புநாதன் ஆஸ்பத்திரியில் டாக்டர். அவர் மருந்து எழுதுவதைவிட வேகமாக அவள் பரிகாரம் எழுதுவாள்.

"இதுக்கா இவ்வளவு கவலை? பரஸ்தானம் வெச்சுடுங்க அக்கா," என்றாள் கனகவல்லி. "கெட்ட நேரத்துல கிளம்பணும்னா, முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, எடுத்துட்டுப் போற சாமான்ல ஒண்ணை வேற வீட்டுல கொண்டு போய் வெச்சிடறது. அப்பவே பயணம் கிளம்பிட்டதா கணக்கு. மறுநாள் போற வழியில அதை எடுத்துக்கணும். ஆனா ஒண்ணு, வெளியில வெச்ச பொருள் திரும்ப வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"ஒரு சீப்பு, துவாய் வைச்சால் காணுமோ?"

"வெக்கலாம். ஆனா பயணத்துக்கு எது ரொம்ப முக்கியமோ அதை வெச்சா பலன் ஜாஸ்தி."

சொன்னவள் சும்மா சொன்னாள். கேட்டவள் அருள்நாயகி அல்லவா! வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நல்ல நேரம் பார்த்து, ஒரு நீலக் கைப்பைக்குள் மகளின் பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் வைத்து, மேலே ஒரு துவாயை மடித்துப் போட்டு, கனகவல்லியின் சமையலறை அலுமாரிக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு எல்லோரும் காரில் ஏறினார்கள். சூலத்துக்குத் தயிர் பரிகாரம் என்று ஒரு கரண்டியோடு வாசலில் நின்ற தாயைத் தவமலர், "சும்மா இருங்கோ அம்மா, இப்பதானே பல் தீட்டினனான்," என்று தள்ளிவிட்டு ஏறியிருந்தாள்.

"பாஸ்போட் எங்கை அம்மா?"

"கவனமா வைச்சிருக்கிறன். கனகா வீட்டிலை ஒரு பை கிடக்கு, எடுத்துக்கொண்டு போவம்."

கனகவல்லி வீட்டு மணியை அடித்தாள். பதில் இல்லை. இன்னொருமுறை அடித்தாள். கடிதம் போடும் துவாரத்தால், "கனகா!" என்று கூப்பிட்டாள். வாசலில் நிற்க வேண்டிய இரண்டு கார்களில் ஜம்புநாதனுடையது மட்டுமே நின்றது. குகதாசன் தங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் ஃபோன் அடித்துப் பார்த்தார். உள்ளே மணி அடிப்பது வாசலில் நின்றவர்களுக்கு நன்றாகக் கேட்டது, எடுக்கத்தான் ஆளில்லை.

"ஒரு துவாய்க்கு ஏன் இந்தப் பாடு? விட்டிட்டு வாங்கோ," என்றாள் தவமலர்.

"துவாய் மட்டுமில்லை, பிள்ளை."

"வேறை என்ன?"

அருள்நாயகி சொன்னாள். சொல்லி முடிக்கும்போது ஒன்பது மணி. ராகு காலம் தொடங்கிவிட்டது.

குகதாசன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பகிடி வராமல் நின்றார். பஸ் ஒன்பதரைக்கு, பள்ளிக்கூடம் காரில் பத்து நிமிடம். யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம் என்று சீனம் படிப்பிக்கும் ரீச்சர் கடிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தாள்.

தவமலர் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. காய்ந்த குரலில் கேட்டாள். "வேணுமெண்டுதானே செய்தனீங்கள்? நான் போகக்கூடாதெண்டு."

"இல்லை பிள்ளை, பிள்ளையாராணை..."

பிள்ளையார் பெயர் வாயில் வந்ததும்தான் அருள்நாயகிக்கு விளங்கியது. கேட்டதைத் தந்துவிட்டாரே! இருபத்தொரு தேங்காய்க்கு ஆசைப்பட்டு, கடைசி அரை மணித்தியாலம் பார்த்து, அவள் கையாலேயே காரியத்தை முடித்துவிட்டாரே. இனிப் பிள்ளை எங்கும் போக மாட்டாள். வீட்டிலேயே இருப்பாள், பத்திரமாக இருப்பாள். மாடிப்படியைச் சீனத்தில் எண்ண மாட்டாள். தாயோடு ஒழுங்காகக் கதைக்கவும் மாட்டாள். கடலுக்கு அப்பால் ஒருத்தி புதுப் போர்வையை விரித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேண்டாம் அப்பனே, எனக்கு இந்த வரம் வேண்டவே வேண்டாம் என்று அருள்நாயகி நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கனகவல்லி வீட்டின் பக்கவாட்டுப் படலைக் கதவைத் திறந்து பின்வளவுக்கு ஓடினாள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். லண்டனில் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தாளிதம் செய்தால் புகை மணி அடித்து ஊரைக் கூட்டும். அதனால் சமைக்கிற வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்துதான் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் மூட மறந்துவிடுவார்கள். கனகவல்லியும் மறந்திருந்தாள். ஜன்னல் ஒரு சாண் திறந்து கிடந்தது, உள்ளே பெருங்காய வாசம்.

"நான் ஏறுறன்," என்றார் பின்னால் ஓடிவந்த குகதாசன்.

அருள்நாயகி அவருடைய வயிற்றைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "நீங்கள் ஏறினால் பிறகு உங்களை இழுக்க ஃபயர் எஞ்சின்தான் வரவேணும். அந்தப் பால் பெட்டியைக் கொண்டாங்கோ."

"அம்மா, பொலிஸ் வரப்போகுது!"

"வரட்டும். நீ மணியைப் பார்."

ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அருள்நாயகி, கோயிலுக்குக் கட்டும் பச்சைச் சேலையோடும் அதற்கு மேல் போட்ட குளிர்க் கோட்டோடும் பால் பெட்டியில் ஏறி, ஜன்னலை அகலத் தள்ளி, தலையை உள்ளே நுழைத்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கினாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டி, "குட் மோர்னிங்," என்றார். மரியாதை தெரிந்தவள், தொங்கிக்கொண்டே அவளும், "குட் மோர்னிங்," என்றாள். குகதாசன் கீழே இருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். உள்ளே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எவர்சில்வர் சட்டிகள் கடகடவென்று சரிந்தன.

அரை நிமிடத்தில் நீலப் பை ஜன்னலால் வெளியே வந்தது. தவமலர் அதைத் திறந்து பாஸ்போட்டைப் பார்த்து, டிக்கெட்டைப் பார்த்து, மூச்சு விட்டாள்.

"ஒன்பது பதினாறு," என்றார் குகதாசன். "நீரும் கெதியா இறங்கும்."

முன்கதவும் பின்கதவும் இரட்டைப் பூட்டு, கனகவல்லியின் கையில் இருக்கும் திறப்பில்லாமல் உள்ளிருந்தும் திறக்காது. ஜன்னலால் திரும்பவும் ஏறி இறங்குவதென்றால் பத்து நிமிடம். பத்து நிமிடம் யாரிடம் இருந்தது? பஸ்ஸடியில் நின்று கை காட்டத்தான் அருள்நாயகி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். என்ன செய்வது!

"நான் நிக்கிறன். நீங்கள் போங்கோ. ராகு காலம் கிடக்கட்டும், போங்கோ!"

குகதாசன் காரை எடுக்க ஓடினார். தவமலரும் நாலடி ஓடிவிட்டுத் திரும்பி வந்து, பால் பெட்டியில் ஏறி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பிள்ளை, நான் பொய் சொல்லக்கூடாது," என்றாள் அருள்நாயகி. "நீ போகக்கூடாதெண்டு பிள்ளையாரிட்டைக் கேட்டனான். ஆனால் பையை அதுக்காக வைக்கேல்லை."

"தெரியும் அம்மா."

"என்னெண்டு தெரியும்?"

"நீங்கள் கும்பிடேக்கை கண்ணைத்தானே மூடுறனீங்கள், வாயை மூடுறேல்லை. இருபத்தொரு தேங்காயும் ஐயருக்கே கேட்டது." அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு வாயை ஆவென்று திறந்தாள். "தயிரைத் தாங்கோ. கெதியா."

அருள்நாயகி கனகவல்லியின் குளிர்ப்பெட்டியைத் திறந்து, தயிரைத் தேடி எடுத்து, ஜன்னலால் ஒரு கரண்டி ஊட்டினாள். அவசரத்தில் பாதி மூக்கில் அப்பியது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் பிள்ளை ஓடிப்போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. பஸ்ஸைப் பிடித்தார்களா இல்லையா என்று தெரியாமல், அடுத்தவள் வீட்டு அடுப்படியில் கள்ளி மாதிரி நிற்பது லேசா? கரண்டியைக் கழுவினாள். சரிந்த சட்டிகளைக் கழுவினாள். கழுவ ஒன்றும் இல்லாமல் போனதும், கழுவியவற்றையே இன்னொருமுறை கழுவினாள்.

பத்து மணிக்கு முன்கதவு திறந்தது. உள்ளே வந்த கனகவல்லி, "ஐயையோ!" என்று அலறிவிட்டு, ஆளை அடையாளம் கண்டு நெஞ்சில் கை வைத்தாள். ஜம்புநாதனுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அவசர அழைப்பு, அவருடைய கார் கிளம்பவில்லை, கொண்டுபோய் விட்டுவிட்டு எட்டரைக்குத் திரும்பிவிடலாம் என்று போனவள் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்க அக்கா! பை...? பாப்பா...?"

அதற்குள் ஜன்னலில் குகதாசனின் தலை தெரிந்தது.

"ஏறிட்டாளோ?" என்று அருள்நாயகி ஜன்னலடிக்கு ஓடினாள்.

"ஏறிட்டாள். கடைசி ஆள். ரீச்சர் கதவை மூடப் பாத்தவ, இவள் சீனத்திலை என்னவோ சொல்லிக் கத்தினாள், சிரிச்சிட்டுத் திறந்து விட்டவ." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "மூக்கிலை தயிரோடை போறாள். துடையெண்டு சொன்னன். ஹீத்ரோ வரைக்கும் இருக்கட்டுமாம்."

அருள்நாயகி கதிரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி, வீட்டை போவம்," என்று எழுந்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள் கனகவல்லி, அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்தபடி. "பயணத்துக்கு எது ரொம்ப முக்கியமோ அதைத்தான் பாப்பா என் வீட்டுல வெச்சுட்டுப் போயிருக்கா. பிளேன் கிளம்பற வரைக்கும் திரும்ப வீட்டுக்குள்ள போகக்கூடாது, தெரியுமில்ல?"

பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அருள்நாயகி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். விமானம் ஒரு மணிக்கு. அதுவரை அந்தக் கதிரையை விட்டு அசையவில்லை.

ஒரு மணி அடித்ததும் எழுந்து பின்வளவுக்குப் போய், கிழக்கே வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு குகதாசன் சொன்னது நினைவுக்கு வந்து, மெல்ல மேற்கே திரும்பி நின்றாள். இந்த முறை வாயையும் மூடிக்கொண்டாள்.