உள்ளே வராத மாஸ்டர்

காலையிலிருந்தே மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாயத்தின் ஆறு அறைகளையும் மூன்று முறை சுற்றி வந்துவிட்டாள். நிரம்பிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பூட்டியிருந்த தீவன அறையின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். காற்று வேறு விட்டபாடில்லை. தகரக் கூரை படபடக்கும் போதெல்லாம் அவள் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது.

பெண்ணாக இருந்தாலும் அங்கே எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான். அவள் பயிற்சி கொடுப்பது குதிரைகளுக்கு அல்ல, குதிரை வைத்திருப்பவர்களுக்கு. ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் பக்கத்தில் போகப் பயப்படுகிறவர்கள், அதட்டி அதட்டித் தொண்டை கட்டிப்போனவர்கள், எல்லோரும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். "குதிரைக்கு ரெண்டே கேள்விதான். இந்த ஆளை நம்பலாமா? இந்த ஆளுக்குப் போற வழி தெரியுமா? வாயால பதில் சொன்னா அதுக்குப் புரியாது. கால்ல, தோள்ல, மூச்சுலதான் சொல்லணும்" என்பாள். பதினெட்டு வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு சாம்பல் நிறக் குதிரை விட்ட உதையில் அவளுக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. எலும்பு கூடிவிட்டது. இனி வேலைக்குப் போகலாம் என்று மருத்துவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து, ஒரு குதிரை தன் முதுகுப் பக்கம் நகர்ந்தால் போதும், அவளுக்கு மூச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் பயிற்சித் திடலின் வேலிக்கு வெளியே நின்று பாடம் நடத்த ஆரம்பித்தாள். "நான் உள்ள இருந்தா அது என்னையே பாக்கும். உங்களைப் பாக்கணும்ல?" என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் கணவன் மட்டும் தலையாட்டவில்லை. அவன் அதே லாயத்தில் லாடம் அடிப்பவன்.

"இன்னைக்கும் வெளியவேதானா?" என்று குதிரைக் குளம்பின்மேல் குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"காத்து இப்படி அடிக்குது, பாக்குறீங்கல்ல?"

"நான் காத்தைப் பத்திக் கேக்கல."

"உங்களுக்குக் குதிரைக் கால் இருக்கு. அதைப் பாருங்க."

அவன் இரண்டு ஆணிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டான். பேச்சை முடித்துக்கொள்ள அவனுக்கு அது எப்போதும் வசதி.

அன்று வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். தன் குதிரையை 'வாங்க, போங்க' என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதையை முழுதாக அனுபவித்துக்கொண்டிருந்த குதிரை, அவர் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு அவரை வேலி வரை தள்ளிக்கொண்டு போகும். மற்றவர் ஐம்பது வயதுப் பெண், நகரப் பேருந்து ஓட்டுபவர். அவருடைய பழுப்புக் குதிரையின் பெயர் மந்திரி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. காகிதம் பறந்தால்கூடத் துள்ளும்.

திடலில் டிரைவரம்மா மந்திரியின் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். "திரும்பிப் பாக்காதீங்க. அது வருமான்னு நீங்க சந்தேகப்பட்டா, வரணுமான்னு அது சந்தேகப்படும்" என்று மாஸ்டர் வேலியில் சாய்ந்தபடி சொல்லி முடிக்கவில்லை, வைக்கோல் போர்மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து திடலுக்கு நடுவில் விழுந்தது.

மந்திரி எகிறியது. டிரைவரம்மா முழங்கால் அடிபட விழுந்து எழுந்தார். கயிற்றை மட்டும் விடவில்லை. குதிரை அவரைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பின்னங்கால்கள் அவர் பக்கம் நெருங்கி வந்தன.

மாஸ்டர் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அதைத் தூக்கினால் போதும், பத்து எட்டில் அவரிடம் போய்விடலாம். கை தூக்கவில்லை. கத்திச் சொல்லவும் வாயில் ஈரமில்லை.

உள்ளே டிரைவரம்மா கயிற்றைச் சுருக்கி, மந்திரியின் மூக்கைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு இந்தப் பக்கம் வந்ததும் பின்னங்கால்கள் அந்தப் பக்கம் விலகிப்போயின. சின்ன வட்டமாக அதை நடக்கவைத்தார். பிறகு நிறுத்தி, தார்ப்பாயை அது பார்க்கும்படி பக்கத்தில் நின்று, 'ஹூம்' என்று மூச்சை நீளமாக விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மந்திரி பயம் தணிந்து தலையைத் தாழ்த்தி உதட்டை நக்கிக்கொண்டது.

மருந்துக்கடைக்காரர் கை தட்டினார். "கதவுல கை வச்சும் மாஸ்டர் திறக்கல, பாத்தீங்களா? வேற ஆளா இருந்தா ஓடிப் போய்க் காரியத்தைக் கெடுத்திருப்பாங்க!"

முழங்காலில் ரத்தம் வழிய, முகம் முழுக்கச் சிரிப்போடு டிரைவரம்மா வெளியே வந்தார். "நீங்க வருவீங்கன்னு ஒரு கண்ணு கதவு மேலயே இருந்துச்சு. வரலன்னதும்தான் புரிஞ்சுது. என்னால முடியும்னு மாஸ்டர் நம்புறாங்கன்னு. ரொம்ப நன்றிங்க."

மாஸ்டர் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "அவங்களை நம்பி நான் நிக்கல. எனக்குக் கால் வரல" என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்" என்றான் கணவன். "நான் அந்தப் பக்க வேலியில ஏறிட்டேன். அதுக்குள்ள அந்தம்மாவே சமாளிச்சுட்டாங்க."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"காலையில சொல்ல வந்தேன். குதிரைக் காலைப் பாருன்னு சொன்ன."

அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியவில்லை. அன்று மாலை டிரைவரம்மா வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனைக்கே போய்விட்டாள். பேருந்துகள் மூக்கை ஒரே பக்கம் வைத்து வரிசையாக நின்றன. ஓய்வறையில் முழங்காலில் கட்டுடன் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவரம்மா, "அடடே, மாஸ்டரா?" என்று எழப் பார்த்தார்.

மாஸ்டர் பூசி மெழுகவில்லை. விலா எலும்பு, நாலு மாதம், வேலிக்கு வெளியே நிற்பதற்குச் சொன்ன பொய், தாழ்ப்பாளில் உறைந்துபோன கை என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

டிரைவரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ அது என்னை மிதிச்சிருந்தா?"

டிரைவரம்மா எழுந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"நானும் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன், எங்க மாஸ்டருக்கு என் மேல அவ்ளோ நம்பிக்கைன்னு. போயிட்டு வாங்க. நான் வண்டி எடுக்கணும்."

மூன்று நாள் அவர் வரவில்லை. மாஸ்டர் வாசலுக்கும் லாயத்துக்கும் நடையாய் நடந்தாள். மந்திரிக்குத் தீவனம் வைக்கும்போதுகூட அரைக்கதவுக்கு வெளியிலிருந்தே கையை நீட்டினாள். மருந்துக்கடைக்காரரிடமும் உண்மையைச் சொன்னாள். அவர் கன்னத்தைச் சொறிந்தார். "நான் வேற கை தட்டித் தொலைச்சேனே" என்றார் வருத்தமாக.

நாலாம் நாள் டிரைவரம்மா வந்தார். நேராக மந்திரியை அழைத்துக்கொண்டு திடலுக்குப் போனார். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"கோவம் இன்னும் போகல, சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி சைக்கிள்ல வந்த ஒருத்தர் என் பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்துட்டாரு. பொழைச்சுட்டாரு. ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் பஸ் படியில கால் வைக்கல. ஆபீஸ்ல வயித்துவலின்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"நிறுத்தி வச்ச பஸ்ல போய்ச் சும்மா உக்காந்தேன். சாவி போடல. தினமும் உக்காந்தேன், அவ்ளோதான். உள்ள வாங்க."

மாஸ்டர் வந்தாள். டிரைவரம்மா கயிற்றைப் பிடித்திருக்க, மந்திரிக்கு முன்னால் முதுகைக் காட்டி நடந்தாள். இரண்டாவது அடியில் அதன் குளம்புச் சத்தம் பின்னால் கேட்டது. மூச்சு நின்றது. அவள் நின்றாள். மந்திரியும் நின்று, காதுகளை முன்னுக்குத் தள்ளி அவளைப் பார்த்தது.

"என்ன ஆச்சு?"

"பயமா இருக்கு" என்றாள் மாஸ்டர். அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும். மூச்சை விடுங்க. தோளை இறக்குங்க. நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டதை உங்களுக்கு ஓசியில சொல்லித் தர்றேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சும் வெளியே வந்தது. மந்திரி பின்னாலேயே பெருமூச்சு விட்டது. இன்னும் ஐந்து அடி நடந்தாள். பிறகு திரும்பி வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று ஆனது. கேட்டதும் ஒருவர் தன் குதிரையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வகுப்பு நடக்கும்போது, ஏதாவது என்றால் கைகொடுக்க, கணவன் சுத்தியலை வைத்துவிட்டுத் திடலுக்குள் வந்து நின்றான். தினமும் டிரைவரம்மா மந்திரியைப் பிடித்துக்கொள்ள, மாஸ்டர் உள்ளே நடந்தாள். சில நாள் முழுச் சுற்று. சில நாள் கதவோடு சரி.

ஐந்தாவது வாரம், மருந்துக்கடைக்காரரின் குதிரை அவரை வழக்கம்போல் வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்று அவர் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே போனாள். முதுகெல்லாம் வியர்த்திருந்தது. "கயித்தை என்கிட்ட குடுங்க" என்று கையை நீட்டினாள்.