இன்று காலை ஏறிய குரல்

1
ஒட்டுக் கேட்டதுதான் இந்தக் கதை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தேன். மர்மக்கதை எழுதும் பழக்கதோஷத்தில் முதல் வரைவை, ‘திரை விலகியது. கட்டிலில் ரத்தம் தோய்ந்த’ என்று ஆரம்பித்து...

அடித்துவிட்டேன். கட்டிலில் இருந்தது ஓர் அம்மாவும் மகளும் ஒரு லேப்டாப்பும்தான்.

2
பத்து மணிக்கு அம்மாவின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். அப்புறம் பேச்சு கிடையாது. அதனால் நாற்பது வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்திருந்தாள். மகள் ப்ரோகிராமர். பதிவுகளைக் கிளவுடில் போட்டு, பொத்தானைத் தொட்டால் அம்மாவின் சன்னக் குரலைச் சத்தம் கூட்டிப் பேசும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்திருந்தாள்.

மணி ஒன்பது பத்து. பொத்தான் பேசவில்லை.

(பயப்படாதீர்கள், விஷயம் இவ்வளவுதான்: பக்கம் ஒரு முகவரியில், குரல் இன்னொரு முகவரியில். ‘இந்தப் பக்கத்துக்குக் கொடுக்கலாம்’ என்று கிளவுட் அனுமதி தராவிட்டால், பிரவுசர் குரலை வாசலிலேயே மடக்கிவிடும்.)

3
“என்னடி, என் குரலை நானே கேட்கக் கூடாதா?”

“பக்கத்தோட முகவரியை அனுமதிப் பட்டியல்ல சேர்க்க மறந்துட்டேன்மா.” சேர்த்தாள். மறுபடியும் மறுப்பு.

“எல்லாருக்கும் திறந்து விட்டுடேன்.”

“ஊரே கேட்கும்மா.”

“கேட்கட்டுமே. பாதி உன்னைத் திட்டினதுதான்.”

(இங்கே மகள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி எங்கே கோட்டை விட்டாள்?)

வரிசையாக நாற்பதையும் தொட்டாள். எல்லாம் ஊமை. கடைசியில் பெயரில்லாத நாற்பத்தோராவது பொத்தான் ஒன்று இருந்தது. தொட்டாள். ஒரு மூச்சு இழுக்கும் ஓசை...

அம்மா சட்டென்று லேப்டாப்பை மூடினாள். “அது இன்னிக்குக் காலைல நானே பேசிப் போட்டது. இப்பக் கேட்காதே.”

மகளுக்குப் புரிந்துவிட்டது; அம்மாவுக்கும் விளக்கினாள். அனுமதி எழுதுமுன் அவள் தனியாகத் திறந்து கேட்ட பழைய பிரதிகளை அவள் பிரவுசர் பத்திரமாக வைத்திருக்கிறது. கிளவுடைப் புதிதாகக் கேட்காமல், அனுமதியில்லாத அந்தப் பிரதிகளையே எடுத்து, தானே மறுக்கிறது. புதிய குரலுக்குப் பழைய பிரதி இல்லை; அதனால் அது மட்டும் பேசியது.

“எத்தனை தடவைடி கேட்டே?”

“எண்ணலைம்மா.”

4
பழைய பிரதிகளை அழித்தாள். ஒன்பது நாற்பது. நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றார். அம்மா ஒரு பொத்தானைத் தொட்டாள்.

“சாப்பிட்டியா, இல்லையா?” என்று அதட்டியது லேப்டாப். வார்டே திரும்பியது.

“நர்ஸம்மா, உங்களைத்தான் கேட்குது” என்றாள் அம்மா. அவள் வாயால் நான் கேட்ட கடைசி வாக்கியம் அது.

5
மகள் வார்டுக்கு வெளியே நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு. விரல் நாற்பத்தோராவது பொத்தானுக்குமேல். அந்த நேரம் பார்த்து என்னை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள்.

தொட்டாளா, அம்மா வரட்டும் என்று இருந்தாளா? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்தக் குரல் என்ன சொன்னது என்றுகூட எழுதி...

இல்லை. அம்மாவோ மகளோ உள்ளவர்கள் நீங்கள் யாராவது முடித்துக்கொள்ளுங்கள். அந்த அனுமதிப் பட்டியலில் என் முகவரி இல்லை.