அனகாபுத்தூர் பதில் சொல்லவில்லை

வெண்ணிலாவுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே எது கெட்டுப்போனாலும் தப்பு தன் மேல்தான் என்று முடிவு கட்டிவிடுவாள். காரணம் அவள் பார்த்துவந்த உத்தியோகம். ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கால் சென்டரில் உட்கார்ந்து, எவனோ எங்கோ கேபிளை வெட்டியதற்கெல்லாம் "தடங்கலுக்கு மன்னிக்கணும் சார்" என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

அந்த நாற்காலியிலிருந்து தப்பி ஓடத்தான் மேற்குத் தாம்பரத்தில், பாத்திரக்கடை மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் நெட்வொர்க் படிப்புக்குச் சேர்ந்தாள். பெரிய கம்பெனி ஒன்று அங்கிருந்து ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. வேலையும் தந்து, சர்டிஃபிகேட் பரீட்சைக்கும் அவர்களே அனுப்புவார்கள். கடைசிச் சுற்றில் மிஞ்சியது இரண்டு பேர். பெரும்பாக்கம் வெண்ணிலா, அனகாபுத்தூர் ஜோஸ்வின். சனிக்கிழமை காலை இருவருக்கும் செய்முறைத் தேர்வு.

பயிற்சியாளர் தோத்தாத்ரிக்கு ரவுட்டர்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பதில் அலாதி ஆசை. வெண்ணிலாவிடம் இருந்தது 'பெரும்பாக்கம்', ஜோஸ்வினிடம் 'அனகாபுத்தூர்', நடுவில் தம் மேசையில் 'வண்டலூர்'. "அங்க ஜூலதானே எல்லா மிருகமும் இருக்கு" என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்வார்.

கேள்வி ஃப்ரேம் ரிலே, தூரத்து ஆபீஸ்களை இணைக்கும் பழைய முறை. ஊர் உலகம் அதைக் கைகழுவிப் பல வருஷம் ஆகிவிட்டது. தோத்தாத்ரி மட்டும் விடுவதாக இல்லை. "இதுல மேப்பிங் புரிஞ்சவங்களுக்கு எதுவும் புரியும்" என்பார். விஷயம் இவ்வளவுதான்: ஒவ்வொரு ரவுட்டருக்கும் வெளியே போக ஒரு வாசல் எண் உண்டு. இன்ன முகவரிக்குப் போக வேண்டுமென்றால் இந்த வாசல் வழியாகப் போ என்று நாம் கையால் எழுதி வைக்க வேண்டும். பெரும்பாக்கத்தின் வாசல் 301, அனகாபுத்தூரின் வாசல் 201. இரண்டும் வண்டலூர் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

"முக்கா மணி நேரம். வாயைத் திறந்து பேசினா ரெண்டு பேரும் வெளிய. கடைசியில ஒருத்தர் ரவுட்டர்லேருந்து இன்னொருத்தர் ரவுட்டருக்குப் பிங் போகணும்" என்று சொல்லிவிட்டு தோத்தாத்ரி மணியைப் பார்த்தார்.

வெண்ணிலா பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தாள். 'இருக்கியா?' என்று கேட்டு வண்டலூருக்குப் பிங் அடித்தாள். திரையில் ஐந்து ஆச்சரியக்குறி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அனகாபுத்தூருக்கு அடித்தாள். ஐந்து புள்ளி. பதிலே இல்லை.

வியாதி உடனே தலைதூக்கியது. தான்தான் எங்கேயோ சொதப்பிவிட்டோம் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். ஐந்து புள்ளி. மறுபடி அழித்தாள், மறுபடி எழுதினாள். திங்கட்கிழமை காலையில் மறுபடி கால் சென்டரில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

பதினைந்து நிமிஷம் மிச்சம். மூன்றாம் தடவை அழிக்கப் போன விரல் நின்றது. எழுதியதை வரி வரியாகப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நம் பக்கம் சரியாக இருந்தால் கோளாறு அந்தப் பக்கம் இருக்கலாம் அல்லவா? இருபத்தாறு வயதில் முதல் தடவையாக அவளுக்கு இப்படி ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அப்படியென்றால் அவளுடைய பிங் ஜோஸ்வின் வரை போகிறது. அவன் ரவுட்டருக்குப் பதிலைத் திருப்பி அனுப்பும் வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் பேசக் கூடாதே. அப்போதுதான் உறைத்தது: வண்டலூர் வரை வழி இருக்கிறது, வண்டலூரிலிருந்து அனகாபுத்தூருக்கும் வழி இருக்கும். அந்த ஆய்வகத்தில் எல்லா ரவுட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வண்டலூருக்குள் நுழைந்தாள், அங்கிருந்து ஜோஸ்வினின் ரவுட்டருக்குள் போனாள், அவன் எழுதியதைப் பார்த்தாள்.

பெரும்பாக்கத்துக்குப் போக, தன் வாசலான 201-ஐ விட்டுவிட்டு 301 என்று போட்டிருந்தான். அவன் அப்பா லாசரஸ் முப்பது வருஷம் தபாலாபீஸில் வேலை பார்த்தவர். உறைமேல் பெறுபவர் வீட்டு எண்ணைத்தான் எழுத வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய பையன், ரவுட்டரிலும் பெறுபவர் எண்ணையே எழுதிவிட்டான்.

ஒரே வரி. அவளே திருத்திவிடலாம். விரல் விசை வரைக்கும் போய்த் திரும்பியது. அதற்குப் பதில், அவன் திரையில் தெரியும்படி ஒரு செய்தியைத் தட்டிவிட்டாள்: '301 என் வாசல் தம்பி. நீ உன் வாசலைப் போடு.'

இருவருக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு விசைகள் படபடத்தன. வெண்ணிலா பிங் அடித்தாள். ஐந்து ஆச்சரியக்குறி!

"பெரும்பாக்கத்திலேருந்து என் வண்டலூர் வழியா அனகாபுத்தூருக்குள்ள போனது யாரு?" தோத்தாத்ரி எழுந்து வந்துவிட்டார். எல்லாம் அவர் திரையில் தெரிந்திருக்கிறது. "எட்டிப் பார்த்தா அதுக்குப் பேரு காப்பி!"

ஜோஸ்வின்தான் முந்திக்கொண்டான். "காப்பி அடிச்சிருந்தா என் தப்பையில்ல சார் அடிச்சிருக்கணும்? அக்காவோடது கரெக்டா இருந்துச்சு. என்னோடதுதான் தப்பு. அவங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

தோத்தாத்ரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள போயிட்டே, பாஸ்வேர்டும் தெரியும். நீயே மாத்தியிருக்கலாமே. எதுக்கு அவனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தே?"

"எங்க பிளாக்ல நாலு வூட்டுச் சாவி எங்கம்மாகிட்டதான் கீது சார்" என்றாள் வெண்ணிலா. பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "தண்ணி தொறந்து கெடந்தா கொரல் குடுப்போம். சாவி கீதுன்னு உள்ள பூந்து அவங்க சாமானை மாத்தி வெச்சிட முடியுமா?"

"இந்த வேலைக்குப் போறவங்க கையில நூறு ஆபீஸ் பாஸ்வேர்டு இருக்கும்" என்றார் தோத்தாத்ரி. "ஃபால்ட் கண்டுபிடிக்கிறவங்க நிறையப் பேர் கிடைப்பாங்க. இது கிடைக்காது." கம்பெனிக்கு அனுப்பும் தாளை எடுத்து அவள் பெயரை எழுதினார்.

ஜோஸ்வினின் முகம் ஒரு நொடி வாடியது. அடுத்த நொடி, "அக்கா, பிரியாணி உங்க செலவு" என்று கையை நீட்டினான். வெண்ணிலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படியிறங்கும்போதே அம்மாவுக்கு போன் போட்டாள். மேடவாக்கம் ரோட்டோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த முத்தாலம்மாளின் குரல் இரைச்சலுக்கு நடுவே கேட்டது.

"அம்மா, தப்பு என்னோடது இல்லம்மா!"

"இன்னாடி ஒளர்ற? வேல கெட்ச்சிதா இல்லியா, அத்தச் சொல்லு!"

"கெட்ச்சிட்ச்சிம்மா."

அந்தப் பக்கம் முத்தாலம்மாள் யாரிடமோ, ரோடே திரும்பிப் பார்க்கும்படி, "என் பொண்ணுக்கு வேல கெட்ச்சிட்ச்சி, நீ அந்த வஞ்சிரத்த சும்மா எடுத்துக்கினு போ!" என்று கத்துவது கேட்டது.