பொழுதோட சாப்பாடு

விடிந்ததிலிருந்து பதினேழு தலைகளுக்கு எண்ணெய் தடவி வாரி முடித்து நான் இடுப்பை நிமிர்த்துவதற்குள், மதராஸிலிருந்து வந்த ராஜகோபால் அத்தனையையும் தன் கையாலேயே கலைத்துவிட்டார்.

"அம்மா, இது அனாதைப் பிள்ளைங்களைப் பத்தின படம். இப்படிப் பளபளன்னு நின்னா எவன் உதவி பண்ணுவான்?"

செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் இல்லத்தின் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. பத்து நிமிடப் படம் எடுத்து, டூரிங் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் போட்டால் ஊர் ஊராக உதவி வரும் என்றார்கள். நானும் தலையாட்டித் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கோட்டைப் படியில் பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து, "அழுங்க" என்றார். காமிரா கடகடவென்று ஓடும் சத்தத்துக்கு முன்பல் விழுந்த ஜெயம் கெக்கெக்கே என்று சிரித்தாள். ஏழு வயது. அவள் சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

சாப்பாட்டைச் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று அடுத்த பிடிவாதம். முடியாது என்றேன். நான் ஜைனப் பெண், இருட்டியபின் சாப்பிடுவது எங்களுக்கு ஆகாது. விளக்கு வைப்பதற்கு முன்பே சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். பிள்ளைகள் ஜைனர்கள் இல்லை. ஆனாலும் என்னோடு இருந்து அவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலிலேயே எடுத்தார். போகும்போது நோட்டும் பென்சிலுமாக ஜெயத்திடம், "தினம் எப்பம்மா சாப்பாடு?" என்று கேட்டார்.

"பொழுதோட சாப்டுவோம். அப்புறம் காலைலதான்."

அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஊர்க் கொட்டகையிலேயே படம் போட்டார்கள். படத்தில் பேச்சு இல்லை. எழுதிக் கொடுத்ததை ஓர் ஆள் மைக்கில் வாசித்தார். திரையில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அரிசி மூட்டை. மைக் உருகியது: "பொழுது சாயுமுன் ஒரு பிடி சோறு! பிறகு விடியும்வரை பட்டினி!"

முன் பெஞ்சிலிருந்து அப்பாண்டைநாதன் எழுந்து நின்றார். மேல்சித்தாமூர்க்காரர், என்னைப் போலவே ஜைனர், கடைத்தெருவில் நெல் மண்டி வைத்திருக்கிறார். ஆறு வருஷமாக எங்களுக்கு மாதம் இரண்டு மூட்டை அரிசி அவர் தருவதுதான். இல்லத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மூட்டை அனுப்புறேன். புள்ளைங்க பட்டினியா? அரிசி எங்கம்மா போவுது?"

"மாமா, பொழுதோட போட்டுடறேன். அதைத்தான் அந்த ஆளு..."

"அதுங்க இன்னா ஜைனப் புள்ளைங்களா, பொழுதோட சாப்ட? யாருகிட்ட கதை வுடுற? இனிமே அரிசி வராது."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒழுகுகிற கூரைக்கு ஓடு கேட்கப் போய் சோற்றில் மண் விழுந்தது. போதாததற்குத் திருடிப் பட்டம் வேறு.

மறுநாள் விளக்கு வைத்த கையோடு, மண்டியிலிருந்து நேராக, முன்னறிவிப்பில்லாமல் அவர் வந்து நின்றார். கையில் பூந்திப் பொட்டலம். சோதனைக்கு வந்திருக்கிறார் என்று புரிந்தது. பேசினால் சண்டையாகிவிடும் என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

பொட்டலத்தைப் பிரித்து ஜெயத்திடம் நீட்டினார். வாசனைக்கு அவள் எச்சில் விழுங்கினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பொழுது போயிடுச்சு தாத்தா."

"ஒரு வாய் துண்ணு. உங்கம்மா பாக்கல."

"அம்மா பாக்கலன்னா பொழுது திரும்பி வந்துடுமா?"

"பசிக்கலியா உனக்கு?"

"ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டேன், வயிறு கல்லாட்டம் இருக்குது. பூந்தியைக் காலைல தர்றீங்களா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க பொழுதோட சாப்ட்டீங்களா?"

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிற அவசரத்தில் பொழுதை விட்டுவிட்டார். இனி விடியும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பொட்டலத்தை மெதுவாக மடித்தார்.

"ஐயோ பாவம்! காலைல இங்க வாங்க, சேந்து சாப்டலாம்" என்றாள் ஜெயம்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். நான் அங்கே நிற்பது தெரிந்திருந்தது போலும்.

"லீலாவதி, அந்த மைக்குக்காரனை நான் பாத்துக்கிறேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. எனக்கும் கோபம் தீரவில்லை.

விடிந்ததும் அரிசி வண்டி வந்தது. வண்டிக்கு முன்னால் அவரே நடந்து வந்தார். நான் இட்லியை இறக்கினேன். ஜெயம் பதினெட்டாவது தட்டைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டு, "தாத்தா, பூந்தி எங்க?" என்றாள்.