ஊக்கு குத்திய தஸ்பீஹ்

கடையின் பின்கட்டில், இறந்துபோன வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஷீரா மாடிப்படியோரம் ஒதுங்கி நின்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். செருகிவைத்த தஸ்பீஹ் மணிமாலை இருந்தது. அதில் குத்திய ஊக்கும் விலகாமல் இருந்தது.

"நோன்பு மாசத்துல போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்லா," என்றாள் அஜீசா. பஷீராவின் கணவன் ஜபருல்லாவுக்கு அக்கா. விடிந்ததும் பக்கத்து ஊர் லூனாசிலிருந்து வந்திறங்கியவள். "அதுவும் தஸ்பீஹ் கையோட! மகளப் பாக்க வந்த எடத்துல, கெசியான், பரிதாபந்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடைசியா வாப்பா கலிமா சொன்னாங்களா புள்ள? நீதான கூட இருந்தே?"

பஷீரா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாவம், வாயடைச்சுப் போச்சு," என்று அஜீசாவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "ஊருக்கு டிரங்க் கால் போட்டிருக்கு. உங்க உம்மா மொதல்ல இதத்தான் கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சுக்க."

பஷீரா இடுப்பிலிருந்த மாலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நோன்பு வைத்த வாயால் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னாலோ, வந்திருக்கும் ஜனம் வாப்பாவைப் பற்றி என்னவெல்லாம் பேசும்! அந்த மணிகளை உருட்டி அவர் எண்ணியது இறைவன் பெயரை அல்ல. வெஸ்ட் இண்டீஸ் விக்கெட்டுகளை.

வாப்பா முகம்மது ஹனீபா நாகப்பட்டினம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மகள் வாழும் திகாம் பத்துவில் அவருக்கு எல்லாமே பிடித்துப்போயிற்று. ஒரே குறை, இந்த ஊரில் பந்து என்றால் கால்பந்துதான். கிரிக்கெட் உலகக் கோப்பைக் கடைசி ஆட்டத்தில் இந்தியா ஆடுகிறது, லண்டனில் பகல் என்றால் நமக்கு ராத்திரி என்று அவர் மூச்சு வாங்கச் சொல்ல, ஜபருல்லா, "அப்படியா மாமா, இதுவரைக்கும் எத்தன கோலு?" என்று கேட்டுவைத்தான். மனிதர் நொந்துபோனார்.

பிரஷர் அதிகம், கண் விழிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பஷீரா ரேடியோவை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நோன்பு திறந்த கையோடு வாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எப்படியும் விடியுமுன்ன சஹர் சாப்பிட முழிக்கத்தான போறோம்?" என்று கெஞ்சினார். மனசு இளகி எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்திருக்கக் கூடாது. நான்தான் கொன்றுவிட்டேனோ என்று விடிந்ததிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரேடியோவில் குரல் வருவதும் அமுங்குவதுமாக இருந்தது. கணக்கு தப்பிவிடாமலிருக்க, பள்ளிவாசலிலிருந்து கையோடு கொண்டுவந்த தஸ்பீஹில் தலைமணியிலிருந்து ஒரு விக்கெட்டுக்கு ஒரு மணி என்று அவர் தள்ளத் தொடங்கினார்.

"வாப்பா! போயும் போயும் தஸ்பீஹ்லயா?"

"பத்தே பத்து மணிதாம்மா கடன் வாங்குறேன். ஆட்டம் முடிஞ்சதும் மிச்சத்த ஓதிர்றேன். நம்மள அல்லாவுக்குத் தெரியாதா?"

சஹருக்கு அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சத்தம் வந்தது. "பஷீரா, ஒம்பது போச்சு! இன்னும் ஒண்ணுதான். ஓடியா!"

"மீனு அடுப்புல இருக்கு வாப்பா. தோ வர்றேன்."

அவள் போனபோது ரேடியோ வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. வாப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, ரேடியோவை அணைத்துப் போர்வையும் போர்த்திவிட்டு வந்தாள். ஜபருல்லா நோன்பு மாத ராத்திரி வியாபாரம் முடிந்து கடையை அடைத்துவிட்டு மேலே வந்து, சாப்பிட எழுப்பியபோதுதான் உடம்பு சில்லிட்டிருந்தது தெரிந்தது.

அவன் ஆள் கூப்பிட ஓடியதும், தஸ்பீஹில் வாப்பாவின் கட்டைவிரல் நின்ற இடத்தில் தன் முக்காட்டு ஊக்கைக் குத்தி, அதை மெல்ல உருவி எடுத்துக்கொண்டாள். எண்ணிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. ஒன்பதுதான் என்று வந்துவிட்டால்? கூப்பிட்ட மகளும் வராமல், ஆட்டத்தின் முடிவும் தெரியாமல் தனியாகப் போனார் என்று ஆகிவிடும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் டெலிபோன் அடித்தது. ஜபருல்லா ஓடிப்போய் எடுத்தான். விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் சொல்லி, அழுதுகொண்டே ரிசீவரை நீட்டினான். அஜீசா நெருங்கி வந்து நின்றாள்.

"உம்மா..."

அந்தப் பக்கம் உம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 

"ராத்திரி இங்க தெருவெல்லாம் வெடி போட்டாங்கம்மா," என்றார் உம்மா. "நம்ம ஆளுங்க ஜெயிச்சாச்சாம். ஒங்க வாப்பா அங்க என்ன குதி குதிக்கிறாங்களோன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே படுத்தேன்." பிறகு கேட்டார். "ஜெயிச்சது அவங்களுக்குத் தெரியுமா புள்ள?"

பஷீரா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தஸ்பீஹை எடுத்தாள். தலைமணியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தாள். எட்டு. ஒன்பது. பத்து. ஊக்கு இன்னும் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அதற்கப்புறம்தான் ஊக்கு இருந்தது.

"தெரியும் உம்மா," என்றாள். "முழுசாக் கேட்டாங்க. முடிஞ்சப்பறம் சொன்ன மாதிரியே ஓதவும் ஆரம்பிச்சிட்டாங்க."

லைன் இரைந்துகொண்டிருந்தது. பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பஷீரா ரிசீவரை வைக்காமல், ஊக்கைக் கழற்றி முக்காட்டில் குத்திக்கொண்டு, பதினான்காவது மணியைத் தள்ளினாள்.