பக்கத்தில் ஓடுபவரின் துடிப்பு

1

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் பரிசோதனை நாற்காலியில், மோவாயைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தது. ஆடக் கூடாது, பேசக் கூடாது என்று உத்தரவு. சொன்னவள் கண்ணாடிக்கடைக்காரி. லென்ஸ் துடைக்கும் துணிகளுக்கு நடுவே ஒரு பழைய கைக்கடிகாரம் கிடந்தது. “இது ஓடுதா?” என்று சும்மா கேட்டுவைத்தேன். அதற்கு வந்த பதில்தான் இவ்வளவும்.

நானோ பஸ் கிளம்பினால்கூட ஓடாத ஜென்மம். ஓட்டத்தைப் பற்றி எழுத உனக்கென்ன அருகதை என்று நீங்கள் கேட்கலாம்.

2

முதல் தொடக்கம்: ‘விடியற்காலைப் பனியில் இரண்டு பெண்கள் மான்களைப் போல...’

அடித்துவிட்டேன். கைப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்கூட அவர்களைத் தாண்டிப் போவார்களாம்.

இரண்டாம் தொடக்கம்: ‘இதயம் நான்கு அறைகளைக் கொண்ட ஓர்...’

பள்ளிக்கூடப் பாடம். வேண்டாம், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கடைக்காரியின் அண்ணன் ஒருநாள் மனைவிக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வாங்கிவந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை, ஒரு கடிகாரம். பட்டையைத் தண்ணீரில் நனைத்து மார்புக்குக் கீழே கட்டிக்கொள்ள வேண்டும். அது துடிப்பை எண்ணும், கடிகாரம் காட்டும். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தைந்தைத் தாண்டினால் கீச்சென்று கத்தும். கத்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், கத்தல் நிற்கும்வரை குறைக்க வேண்டும். மெதுவாக ஓடி ஓடித்தான் இதயம் தேறும் என்பது இந்தப் பயிற்சியின் ஒரே விதி.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நடையில் இருந்தாலும் ஓட்டத்தில் இருந்தாலும் அவளுக்கு எல்லாமே கார்தான்.

“ரெண்டாவது கியர்லயே வா நாத்தனாரே. எஞ்சினுக்கு நல்லது.”

“பின்னாடி வர்ற தாத்தா ஹார்ன் அடிக்கிறாரு அண்ணி. வழி விடுங்க.”

ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற ஆரம்பத்தில் நாற்பத்தெட்டு நிமிடம் ஆனது. பத்து மாதத்தில் அதே நூற்று நாற்பத்தைந்துக்குள் முப்பத்தொன்பது. இதைச் சொல்லும்போது கடைக்காரியின் குரலில் இருந்த பெருமிதத்தை எந்த எழுத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

3

ஒருநாள் அவசரத்தில் கடைக்காரி பட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டாள். பாதி வழியில்தான் நினைவு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் நூற்று முப்பத்தெட்டு காட்டுகிறது!

“அண்ணி, நான் பட்டையே கட்டல. இது யாரோடது?”

அண்ணி தன் கடிகாரத்தைக் காட்டினாள். அதிலும் நூற்று முப்பத்தெட்டு.

(அடிக்குறிப்பாகக் கீழே தள்ள வேண்டியது: அந்தப் பழைய ரகத்துக்கு யாருடைய பட்டை என்று தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் எது துடித்தாலும் காட்டிவிடும்.)

ஆக, இத்தனை மாதம் யார் கத்தலுக்கு யார் வேகத்தைக் குறைத்தார்களோ! நடுப்பாதையில் நின்று இருவரும் சிரித்தார்கள். ஓடாமலே இரண்டு கடிகாரமும் கத்தின. அந்தக் காலை திரும்பக் கிடைக்குமானால் கடையை எழுதிக் கொடுத்துவிடுவாளாம்.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஏழாவது வருடம், மேடே இல்லாத நேர்ப்பாதையில், கடைக்காரி மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருக்க, அவள் கையில் நூற்று அறுபத்திரண்டு காட்டியது. மறுநாள் நூற்று அறுபத்தெட்டு. பக்கத்தில் அண்ணி வழக்கம்போல ஏதோ மாணவனின் பிரேக் கூத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அது யாருடைய துடிப்பு என்று கடைக்காரிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் என்ன செய்தாள் என்றால்,

பேட்டரியை மாற்றினாள்.

மூன்று வாரத்தில் அண்ணி வீட்டை விட்டுப் போனாள். விவாகரத்துப் பத்திரத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் கையெழுத்துப் போட இடம் இருந்தது; நாத்தனாருக்கு இல்லை. அவள் வாய்மூடி இருந்தாள். வாய்மூடி இருந்ததால் அண்ணன் பக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அண்ணி உட்பட.

அன்று முதல் அவள்

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.

5

ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் நான் அண்ணியைச் சாகடித்துவிட்டேன். கண்ணாடி வாங்கப் போனபோது அதைப் படித்துக் காட்டினேன்.

“சாகடிச்சிட்டா உங்களுக்கு வேலை சுலபமா முடிஞ்சிடும், இல்ல சார்?” என்றாள். “அவங்க இந்த ஊர்லதான் இருக்காங்க. நாலு வருஷமா நான்தான் போன் பண்ணல. அதை எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

6

புதுக் கண்ணாடி சரியில்லை என்று மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தபோது மீதியைச் சொன்னாள். போன மாதம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கார் கற்றுக்கொள்கிறாளாம், தூரத்துப் பலகை தெரியவில்லையாம். “எங்க டீச்சர்தான் கண்ணைக் காட்டச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை ஏரியைச் சுத்தி ஓடுவாங்க, கைல ஒரு பழைய வாட்ச் கீச்சுகீச்சுன்னு கத்திட்டே இருக்கும்.”

கடைக்காரி பழைய கடிகாரத்தைத் தேடி எடுத்தாள். பட்டையைக் கட்டவில்லை.

“ஏன்?” என்றேன்.

“கட்டுனா என்னோடதைக் காட்டும். அதைப் பாத்து நான் என்ன சார் பண்றது?”

மூன்று ஞாயிறு ஏரியைச் சுற்றியும் கடிகாரத்தில் வெறும் இரண்டு கோடுகள். நான்காம் ஞாயிறு, மதகைத் தாண்டியதும், பின்னால் காலடிச் சத்தம். கோடுகள் போய் நூற்று முப்பத்தொன்று வந்தது. அவள் திரும்பவில்லை. பின்னால் வந்த கால்கள் தாண்டிப் போகவில்லை, மெதுவாயின. ஆனால் எண் மட்டும் ஏறியது. நூற்று முப்பத்தெட்டு. நூற்று நாற்பத்து மூன்று. நூற்று நாற்பத்தாறு. அவள் கையில் கீச்சென்றது. அதே நொடியில் முதுகுக்குப் பின்னாலும் கீச்சென்றது.

கத்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவள் குறைத்தாள். பின்னால் இருந்த கால்களும் குறைத்தன. இரண்டும் நின்றன. கத்தல் நிற்கவில்லை.

“அப்புறம்?” தாங்கியிலிருந்து மோவாயை எடுத்துவிட்டேன்.

“ஆடாதீங்க சார். இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?”

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனாள். கதை அங்கேயே நின்றுவிட்டது.

7

அவளைத் திரும்பிப் பார்க்க வைக்க எனக்கு ஒரு வரி போதும். ஆனால் ஒருமுறை பொய்யாகக் கொன்றவன் நான். அந்த உரிமை போய்விட்டது. நான்கு வருடமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதாக அவள் சொன்ன வாக்கியத்தை மட்டும் இங்கே வைக்கிறேன்: “அன்னிக்கு பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. எனக்குத் தெரியும்.”

அவளைத் திரும்பிப் பார்க்கச் சொல்வதா, பின்னால் நிற்பவளைக் கூப்பிடச் சொல்வதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ஈரம் காய்ந்துவிட்டால் பட்டை எண்ணுவதை நிறுத்திவிடும்.